பொட்டல் என்று சொல்லாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம்.

கென்யாவில் லோகிச்சார் என்கிற ஊரில் எண்ணெய் வயலுக்கு நிலம் அளக்கிற வேலை என்றாய். "ஒரே பொட்டல்ப்பா, மனுசங்களே இல்ல" என்றும் சொன்னாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

நம் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, பார்த்துவிட்டு உன் கோயமுத்தூர் சிநேகிதிகள், "இதை ஏன் சும்மா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், காய்ந்த கொழுக்கட்டைப்புல். வெளியாள் கண்ணுக்கு அவ்வளவுதான். மழை பொய்த்த வருஷத்தில் அந்த மரத்துக் காய் உதிர்ந்துதான் நம் செம்மறிகள் உயிர் தப்பின. அங்கே இருக்கிற மேய்ச்சல் ஜனங்களான துர்க்கானாக்காரர்களுக்கு வேலிகூடக் கிடையாது. மழை பெய்த திசைக்கு ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிப் போகிறவர்கள். நிலம் பொதுவில் இருப்பதால் பட்டாவைத் தேடினால் யார் பெயரும் வராது. நீ போன அன்றைக்கு ஆளில்லை என்றால், மேய்ச்சல் வேறு பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

2012 மார்ச்சில் அங்கே எண்ணெய் கிடைத்ததாக அப்போதைய கென்யா ஜனாதிபதி கிபாக்கி அறிவித்தார். எண்ணெய்க் கிணற்றுக்கு அவர்கள் பாஷையில் வைத்த பெயரே ஒட்டகம்தானாம், நல்ல வேடிக்கை! மறு வருஷமே உள்ளூர்க்காரர்கள் வேலை கேட்டுத் திரண்டு, கம்பெனி கொஞ்ச நாள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டி வந்தது. 2018-ல் மொம்பாசா துறைமுகத்துக்குப் போன எண்ணெய் லாரிகளை மறித்தார்கள். கால்நடைத் திருட்டும் துப்பாக்கிச் சூடுமாக இருக்கிறது, முதலில் எங்களுக்குப் பாதுகாப்புக் கொடு என்று கேட்டார்கள். இதையெல்லாம் உன் ஆபீசில் 'பழைய பிரச்சினை' என்பார்கள். நீ அப்படி எடுத்துக்கொள்ளாதே.

நம் ஏழு மாவட்டத்தில் 310 கிலோமீட்டருக்கு கேஸ் குழாய் வந்தபோது நீ சின்னப் பெண். உன் மாமன் மஞ்சள் பாத்திக்கு நடுவில் அளவுக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. அவர்கள் சொன்னது இதுதான்: நிலம் உன் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் கிணறு வெட்டாதே, வீடு கட்டாதே, மரம் வைக்காதே. இதற்குச் சட்டப்படி நஷ்ட ஈடு, நிலத்தின் சந்தை விலையில் 10 சதவீதம். ரோட்டோரமாகக் கொண்டுபோ என்றுதான் எல்லோரும் கேட்டோம். 2013-ல் ஜெயலலிதா அரசு நிறுத்தியது. 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குழாய்க்குச் சாதகமாக வந்தது. மாமனுக்குக் கோர்ட்டில் தோற்றதைவிட, அந்த ஆள் இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில்தான் இன்னும் ஆத்திரம்.

இப்போது ஜீப்பில் வருகிற ஆள் நீ. அந்த எண்ணெய் ஆறினால் நெய் மாதிரி உறைந்துவிடும், சூடாக்கிக்கொண்டேதான் துறைமுகம் வரை கொண்டுபோகணும் என்று அன்றைக்கு ஆசையாக விளக்கினாய். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அளக்கிற கருவியை நாட்டுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருத்தரோடு நடந்து பார். கடும் வறட்சியில் ஆடு எந்தத் தடத்தில் தண்ணிக்குப் போகும், எந்த மரத்தடியில் கூட்டம் கூடும் என்று கேட்டு, அதையும் உன் வரைபடத்தில் குறி. மேலதிகாரி வேண்டாமென்றாலும் உன் நோட்டிலாவது இருக்கட்டும்.

அப்புறம், கென்யாவின் 2019 பெட்ரோலியச் சட்டத்தில், அரசுக்கு வருகிற எண்ணெய்ப் பங்கில் மத்திய அரசுக்கு 75, கவுண்டிக்கு (அங்கே மாவட்டம் மாதிரி) 20, ஊர் மக்களுக்கு 5 சதவீதம் என்று இருக்கிறதே, அந்த 5 யார் கைக்கு, எந்த வழியாக வரும் என்று அங்கே விசாரித்து எழுது. மாமன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் அப்பா,
காங்கேயம்