அந்தப் பூஜ்யத்தை அழியுங்கள்

மழைமானிகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவன் நான். இரண்டு நாள் கொட்டிய மழையை எங்கள் ஊர் மழைமானி பூஜ்யம் என்று பதிந்த விவகாரம் உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்திருக்கிறோம், மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. நேராக அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன்.

பிடுங்கிக் காயப்போட்ட பூண்டின் மேல் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மேலே தார்ப்பாய் போட்டோம், அடியில் தண்ணீர் ஓடியது. விதைக்குக்கூட ஆகாமல் அழுகிவிட்டது. நிவாரணம் கேட்க அதில் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் பேசினார் அங்கிருந்தவர். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ரெண்டு நாளும் உங்க ஊர்ல மழையே இல்லையே, ஜீரோன்னு இருக்கு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கும் உங்கள் தானியங்கி மானியின் புனலில் பாசியும் தைலமரத்து இலையும் அடைத்துக் கிடக்கின்றன. தண்ணீர் உள்ளே இறங்கினால்தானே அங்கிருக்கும் சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும், கவிழ்ந்தால்தானே கணக்கு ஏறும்? கவிழவில்லை. பூஜ்யம்.

இதே பள்ளிக்கூடத்தில்தான் போன மாதம் நீங்கள் கடல் மிதவைகள் பற்றிப் படம் போட்டுக் காட்டினீர்கள். ஆர்கோ என்றீர்கள். சிலிண்டர் போல ஒரு கருவி. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டே போகும். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஒரு பைக்குள் எண்ணெயைத் தள்ளி உடம்பை உப்பவைத்து மேலே ஏறும். ஏறும்போதே வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். 1999-இல் தொடங்கி, இன்று உலகக் கடல்களில் 4,000 அளவுக்கு மிதக்கின்றனவாம். துடைத்துவிடக்கூட ஆள் போகாமல் நான்கைந்து வருடம் ஓடுமாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

எங்கள் ஊரும் கிட்டத்தட்ட 2,000 மீட்டர்தான் அய்யா. என்ன, மேல் நோக்கி. இங்கே வர நீர்மூழ்கி வேண்டாம், பஸ் வருகிறது.

கடலை அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் சூடுதான் புயலுக்குத் தீனி. 2018-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா எங்கள் மலை மரங்களையும் சாய்த்துவிட்டுத்தான் போனது. நான் கேட்பது வேறு. மிதவையின் உணரி (சென்சார்) பழுதானால், அது அனுப்பும் எண்ணுக்கு 'தவறு' என்று முத்திரை குத்தி ஒதுக்குவார்களாம். நீங்களே சொன்னதுதான். எங்கள் மானியின் பூஜ்யத்துக்கு மட்டும் ஏன் அரசு முத்திரை? 'மழை இல்லை' என்பதும் 'மானி வேலை செய்யவில்லை' என்பதும் ஒன்றா? அந்தப் பூஜ்யத்தை அழியுங்கள்.

மலையேறும் கார்களை ஒன்றுவிடாமல் எண்ண 2024-இலிருந்து இ-பாஸ் இருக்கிறது. மழையும் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கணக்கில் சேர்ந்திருக்குமோ என்னவோ! கேட்டால் பட்டா இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா, போட்டோவில் தேதி எங்கே என்று... சரி, அதை விடுகிறேன். கோபத்தில் எழுதினால் மனு குப்பைக்குப் போகும் என்று மகள் சொல்கிறாள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மானியைச் சுத்தம் செய்து சரிபார்க்க ஒருவரை அனுப்புங்கள். அதுவரை அந்த இரண்டு நாளுக்கும் பூஜ்யத்தை அழித்துவிட்டு 'பழுது' என்று எழுதித் தாருங்கள். அந்த ஒரு காகிதம் இருந்தால் நிவாரண மனுவை மறுபடி கொடுக்கலாம்.

வேலிக் கதவின் சாவி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருக்கிறது. ஏணி நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
மேல்மலை பூண்டு விவசாயி