செவலைக்காக வந்து நின்றவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவாருக்கும், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன சிலருக்கும் வணக்கம்.

செவலையின் கடைசி நாட்களில் கூட நின்ற உங்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய் நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. முட்டி வலி விடவில்லை. அதனால் அவள் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுநடுவே நானாகச் சேர்த்ததும் உண்டு. எது யாருடையது என்று எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

செவலையைப் பார்த்திராதவர்களுக்காக: அது ஒரு நாட்டு நாய். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அப்பா பால் வாங்கப் போன ஒரு காலையில் பின்னாலேயே வந்து, நடையில் படுத்துக்கொண்ட குட்டி. அப்பா இறந்த பிறகு நான் பெங்களூரிலும் தம்பி மஸ்கட்டிலும் இருக்க, அந்த வீட்டில் அம்மாவோடு இருந்தது செவலைதான். நாங்கள் போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்போம். அது கேட்காது. தட்டு விழும் சத்தம் வரும்வரை அடுக்களை வாசலை விட்டு நகராது, அவ்வளவுதான். தனியாக இருக்கும் மனுஷி ஒரு வேளையாவது சமைத்துச் சாப்பிட்டதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கார்த்திகை முடியும்போது செவலை சோறு எடுக்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில், வயதாகிவிட்டது என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மூக்கில் ரத்தம் வந்தது. அன்றைக்குத்தான் அம்மா மார்க்கெட் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னீர்கள். எர்லிக்கியா என்ற பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். அம்மா அந்தத் தாளை இன்னும் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற கிருமி, வெள்ளையணுக்களுக்குள் குடியேறி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாள்பட்டால் எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும். அதற்குப் பிறகு புது ரத்தம் ஊறாது. இதை எழுபது வயது மனுஷிக்குப் புரியும்படி, அவசரப்படாமல் சொன்னீர்கள். நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டுமாம். செவலைக்கு 11. "பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா, ஆனா முயற்சி பண்ணாம விடவும் வேண்டாம்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அடுத்த இரண்டரை மாதத்தையும் ஓட்டினாள்.

மெடிக்கல் ஷாப் தம்பிக்கு ஒரு நன்றி. டாக்ஸிசைக்ளின் மனிதருக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான், உங்கள் கடையிலேயே இருந்தது. அம்மா தயிர்ச்சோற்றில் ஒளித்து வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னதும், பாலும் தயிரும் சேர்த்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது பாட்டி, வெறும் வயிற்றில் கொடுத்தாலும் குமட்டும் என்று நிறுத்தி, அவித்த முட்டையில் வைக்கச் சொன்னீர்கள். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருக்கலாம். கடையில் கூட்டமும் இருந்ததாம்.

மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பில் ரத்தம் வேண்டுமே. அதற்காகத்தான் ராமையன்பட்டி. நோயாளி நாய் என்றதும் ஆட்டோக்கள் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, சீட்டில் ரத்தம் பட்டால் அன்றைய பிழைப்பு போய்விடும். நின்ற ஒரு அண்ணன் பின் சீட்டில் சாக்கை விரித்து, செவலையை அவரே தூக்கி வைத்தார். காத்திருந்ததற்கு மட்டும் கொஞ்சம் சேர்த்து வாங்கினார், அது நியாயமும்கூட. அந்தச் சாக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அண்ணே, துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.

ராமையன்பட்டிக் கல்லூரி 2012-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஆட்கள் பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ போயிருக்க வேண்டும். செவலை அந்தத் தூரம் தாங்கியிருக்காது.

நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம்மைப் போல ஏ, பி, ஓ கிடையாது. முக்கியமான வகைக்கு எதிரான பொருள் பிறவியிலேயே ரத்தத்தில் இருப்பதில்லை என்பதால், முதல் தடவை ஏற்றும் ரத்தம் பெரும்பாலும் ஒத்துப்போய்விடும். இரண்டாவது தடவைதான் ஆபத்து. கொடுக்கிற நாய் பெரியதாக, இளசாக, தடுப்பூசி போட்டதாக இருக்க வேண்டும். அதன் ரத்தத்திலும் உண்ணிக் கிருமி இல்லை என்று பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். அப்படி ஒரு நாய்க்கு எங்கே போவது? தெருப் பையன்கள் அவர்கள் வாட்ஸப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தம்பி, லோடு வண்டியில் தன் ராஜபாளையம் நாய் வெள்ளையனை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

வெள்ளையனைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. நல்ல உயரம், இளஞ்சிவப்பு மூக்கு. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளை ராஜபாளையங்களில் அந்தக் குறை வருவது உண்டாம், நிறத்தோடு சேர்ந்தே வருவதாம். அந்த வளாகத்தில் மாடு கத்துகிறது, ஆடு கத்துகிறது, பக்கத்து மேசையில் ஒரு பொமரேனியன் ஊரைக் கூட்டுகிறது. வெள்ளையன் மட்டும் எதுவும் நடக்காதது போலப் படுத்துக் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். கழுத்து நரம்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். எடுத்து முடித்ததும் அந்தத் தம்பி வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, வேக வைத்த ஈரலை ஊட்டிவிட்டார். டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். 2005-ல் தபால் தலையில் வந்த இனம் அக்கா இது, நம்ம ஊர் நாய்க்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறான் என்று அவர் சொன்ன பெருமையைத் தாராளமாக அனுபவிக்கட்டும். தகும்.

ரத்தம் ஏறிய நேரம் முழுக்க, படிப்பை முடித்துப் பயிற்சியில் இருந்த ஒரு பெண் செவலையின் தலைமாட்டில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ச்சல் ஏறுகிறதா, முகம் வீங்குகிறதா, நடுக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் பையை முடித்துவிடவும் வேண்டும். கால் மணிக்கொரு தரம் வெப்பம் பார்த்து எழுதினாள். மதியம் சாப்பிடப் போகவில்லை. அம்மா கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை இருவருமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அம்மா உன் சொந்த ஊர், அப்பா என்ன வேலை, கல்யாணம் எப்போது என்று எல்லாம் கேட்டுவிட்டாள். பெயரை மட்டும் கேட்கவில்லை. அம்மாவின் வழக்கம் அது. பாப்பா, இதைப் படித்தால் ஒரு போன் செய்.

அந்த ரத்தம் எங்களுக்கு ஒரு பொங்கலைக் கொடுத்தது. நானும் தம்பியும் வந்திருந்தோம். செவலை எழுந்து வாசல்வரை வந்து, கோலத்தின் மேலேயே படுத்து, பொடியையெல்லாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. பக்கத்து வீட்டுக் காளைக்கு மாட்டுப்பொங்கலன்று போட்ட மாலையில் மிச்சப் பூவை அதன் கழுத்திலும் கட்டினார்கள். அதைக் கடித்துத் துப்பிவிட்டது.

மாசியில் ரத்த அளவு மறுபடி இறங்கியது. மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது, ஆனால் மஜ்ஜை எழுந்து வரவில்லை. இன்னொரு முறை ரத்தம் ஏற்றலாமா என்று நான்தான் போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். டாக்டரம்மா, நீங்கள் நினைத்திருந்தால் ஏற்றிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். முதல் தடவை வந்த ரத்தத்துக்கு எதிராக உடம்பு இப்போது தயாராகியிருக்கும், ஒத்துப்போகிற நாய் கிடைத்தாலும் சில நாள்தான் நிற்கும், அந்த நாட்களும் அதற்கு மூச்சுத் திணறலாகத்தான் போகும் என்று நேராகச் சொன்னீர்கள். முடிவை எங்களிடம் விட்டீர்கள், ஆனால் எங்களைத் தனியாக விடவில்லை. "உங்க இடத்துல நான் இருந்தா, வலி தெரியாம அனுப்பி வெச்சிருவேன்" என்று, நாங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னீர்கள். பலபேர் இந்த இடத்தில் நழுவிவிடுவார்கள்.

ஊசி போட வீட்டுக்கே வந்ததற்கும், அதற்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து என்னென்ன நடக்கும் என்று சொன்னதற்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முதல் ஊசி தூக்கத்துக்கு. இரண்டாவது, மயக்க மருந்தையே அளவுக்கு மேல் நரம்பில் செலுத்துவது. கண் மூடாது, திறந்தபடியே இருக்கும் என்றீர்கள். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், அது உயிர் இல்லை, தசை என்றீர்கள். அப்படியே நடந்தது. முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் அம்மா அந்த அசைவைப் பார்த்து, இன்னும் உயிர் இருக்கு என்று அலறியிருப்பாள். வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு முடிவின் வாசலில் நிற்கிற யாராவது இதைப் படித்தால், உங்கள் மருத்துவரிடம் இதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது குழி. தன் வாழைத்தோட்டத்து மூலையில் இடம் கொடுத்த அண்ணாச்சிக்கும், வெட்ட வந்தவருக்கும் நன்றி. இடுப்பளவு போதும் என்றுதான் நாங்கள் சொன்னோம். அந்த மருந்து உடம்பில் இருக்கும், காக்காயோ வேறு நாயோ கிளறித் தின்றால் அதுவும் சாகும் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும், அவர் பேசாமல் மறுபடி மண்வெட்டியை எடுத்து நெஞ்சளவுக்கு இறக்கினார். கூலி பேசியதை வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிவிட்டார்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. பற்ற வைக்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. இரவு பின் வீட்டு அத்தை ரசமும் சோறும் அப்பளமும் கொண்டுவந்து வைத்தார்கள். சாவு வீட்டுக்குக் கொடுப்பது போல, பாத்திரத்தை நாளைக்குக் கழுவித் தர வேண்டாம் என்றும் சொன்னார்கள். மறுநாள் காலை இரண்டு பேர் துக்கம் கேட்க வந்தார்கள். வந்தவர்கள் செவலையைப் பற்றித்தான் பேசினார்கள். தபால்காரரை விட்டுவிட்டு கேஸ்காரரை மட்டும் குரைத்த கதை, ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குள் நுழைந்த கதை. அம்மா நடுவில் ஒருமுறை சிரித்தாள்.

சொந்தத்தில் ஒருவர் போனில், ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு செலவும் அழுகையுமா என்று கேட்டார். அவரோடு சண்டை போட எனக்கு மனமில்லை. எதிர் வீட்டுத் தமிழாசிரியர் ஐயாவிடம் அம்மா இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருப்பதைச் சொன்னார். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அது என்ன நெறம்னு போட்டிருக்கா?" என்றாளாம். ஐயா, அப்படி எதுவும் போடவில்லை என்று சிரிக்காமல் பதில் சொன்னதற்காகவே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் அலுவலகத்தில் விடுப்புக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'வீட்டில் மரணம்' என்று எழுதினேன். மேலாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

மிச்சமிருந்த மருந்து, உண்ணி அண்டாமல் கழுத்தில் கட்டும் பிரிக்காத பட்டை, குளுக்கோஸ் பாட்டில்கள் எல்லாவற்றையும் கிளினிக்கில் கொடுத்துவிட்டோம். வசதி இல்லாதவர்கள் கொண்டுவரும் நாய்களுக்கு ஆகட்டும். நல்ல ஆரோக்கியமான பெரிய நாய் வைத்திருப்பவர்கள், ரத்தம் கொடுக்க முடியும் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெள்ளையன் அன்று வராமல் போயிருந்தால் பொங்கலே இல்லை.

குட்டி தருவதாகச் சொன்ன மூன்று வீட்டாருக்கும் அம்மாவின் பதில்: வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். இந்த உண்ணி, குடிக்க ரத்தம் கிடைக்காவிட்டாலும் சுவர் விரிசலில் பல மாதம் உயிரோடு கிடக்குமாம். நடையிலும் கொல்லைப்புறத்திலும் விரிசலைப் பூசி, மருந்தடித்து, வெள்ளையடிக்க வேண்டும். கொத்தனார் பங்குனி கழியட்டும் என்கிறார். அதற்குப் பிறகு அம்மாவே வந்து பார்ப்பாளாம், எந்தக் குட்டி என்று அவள்தான் பார்த்து எடுப்பாளாம். சித்திரைவரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செவலை வீட்டார்