வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, விதைப் பரிமாற்றம் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி நத்தைக்குத்தான். ஐப்பசி மழை விழுந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கொல்லைகளில் கீரைப் பாத்தியையும் பப்பாளிக் கன்றையும் ஆப்பிரிக்கப் பெருநத்தை மொட்டையடித்தது. "நத்தையைத் தின்னும் நத்தையை வாங்கி விடலாமே" என்று உறுப்பினர் பலர் கேட்டார்கள். வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. அப்படிப்பட்ட நத்தைகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஓடில்லா நத்தைகளில் பெரும்பாலானவை இலைதழை தின்பவை. கொல்லையில் செங்கல்லைப் புரட்டினால் தோல்துண்டு போல ஒட்டிக் கிடக்கும் தட்டையான கறுப்பு நத்தையும் அப்படித்தான். அதன் தூரத்து உறவான அட்டோப்போஸ்தான் மற்ற நத்தைகளை வேட்டையாடுவது. அது தென்கிழக்கு ஆசியா, நியூகினி காடுகளில் வாழ்கிறது. போர்னியோவின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஆய்வாளர்கள் அதன் வேட்டையைக் கவனித்திருக்கிறார்கள். இரை, சில மில்லிமீட்டரே உள்ள குறுநத்தை. அதை உடலின் முன்பகுதியால் பிடித்துக்கொண்டு, முதலில் ஓட்டின் வாய்வழியே நுழையப் பார்க்கும். இரை உள்ளே வெகுதூரம் ஒடுங்கி எட்டாமல் போனால், ஓட்டிலேயே துளைபோட்டுச் சதையைத் தின்னும். துளை விழுந்த ஓடு பிறகும் அப்படியே கிடப்பதால், எத்தனை நத்தை இப்படிச் செத்தது என்று ஓடுகளைப் பொறுக்கியே கணக்கிட முடிகிறது. எவ்வளவு நுட்பமான பிராணி!

இலை தின்னும் நத்தையின் அரநாக்கில், அதாவது அரம் போல உணவைச் சுரண்டும் நாக்கில், சிறு பற்கள் நெருக்கமாக இருக்கும். ஊன் தின்பவற்றுக்குப் பற்கள் நீண்டு கூர்ந்திருக்கும். ஐரோப்பாவின் டெஸ்டசெல்லா என்ற நத்தையும் ஊன் தின்னிதான். ஆனால் அது மண்ணுக்குள் மண்புழுவைத் தேடித் தின்பது. அதைக் கொல்லையில் கொண்டுவந்து விட்டால் நத்தை குறையாது, உரம் தரும் மண்புழுதான் போகும்.

கொண்டுவந்து விட்டவர்கள் பட்டதும் தெரிந்ததே. ஃபுளோரிடாவின் யூக்ளாண்டினா என்ற ஊன் தின்னி நத்தையைப் பெருநத்தையை ஒழிக்க 1955-இல் ஹவாயிலும், 1977-இல் பசிபிக் கடலின் மூரேயா தீவிலும் விட்டார்கள். அது சளித்தடத்தை மோப்பம் பிடித்துப் போய், கைக்கு எளிதான உள்ளூர்ச் சிறுநத்தைகளைத் தின்றது. பத்தே ஆண்டில் மூரேயாவின் பார்ட்டுலா என்ற உள்ளூர் நத்தைகள் காட்டில் ஏறக்குறைய அற்றுப்போயின.

நமக்கு வேட்டையாள் இங்கேயே இருக்கிறது. மின்மினியின் புழு நத்தையைக் கடித்து, செயலிழக்கச் செய்யும் நீரைச் செலுத்தி, கரைந்த சதையை உண்ணும். ஓடு உடையாமல் உள்ளே காலியாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஓட்டின் விளிம்பில் பல் பதிந்திருந்தால் எலி. செம்போத்தும் பெருநத்தையைப் பிடித்துத் தின்னும். அதனால் வேலியோரப் புதரை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். இரவில் கொல்லை விளக்கை அணைத்து வையுங்கள். வெளிச்சத்தில் மின்மினி இணை சேர்வது கெடும்.

மற்றபடி கைவேலைதான். சாயங்காலம் நனைத்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறுமுன், ஒதுங்கியிருப்பவற்றைப் பொறுக்கிக் கெட்டி உப்புநீரில் போட்டு, பிறகு புதையுங்கள். உப்புநீரைப் பாத்தியில் கொட்டக்கூடாது. உயிருள்ள நத்தையை ஊருணிக் கரையில் எறியவும் கூடாது. கையுறை கட்டாயம். மூளையுறை அழற்சி தரும் ஒட்டுண்ணிப் புழு நத்தையில் இருக்கக்கூடும். கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே உண்ணுங்கள். ஒரு நத்தை ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை வரை மண்ணில் இடும். ஆகவே மேல்மண்ணைக் கிளறி, மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைக் குவியலையும் எடுத்துவிடுங்கள். பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரடியையும் பாருங்கள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்காக அங்கே ஏறும். மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லிக் குருணை நாய்க்கும் நஞ்சு, ஆகவே சங்கம் அதைப் பரிந்துரைக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன் சாக்கும் கையுறையும் மொத்தமாக வாங்கிக் கொடுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்