ஆண்கள் கழிவறையிலும் ஒரு மேசை வேண்டும்

ஆசிரியருக்கு,

எனக்கு வயது 64. மனைவி ஊருக்குப் போயிருந்ததால், போன சனிக்கிழமை ஒன்றரை வயதுப் பேத்தியை முதன்முறையாக நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். மகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டுமாம், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். மூன்று பிள்ளைகள் பெற்றவனுக்கு இது தெரியவில்லை. (அப்போதெல்லாம் நான் வேலைக்குப் போய்விடுவேன்.)

வீட்டில் எப்படியோ சமாளித்தேன். பேருந்திலும் சிரமமில்லை. சிங்கப்பூரில் 2017 முதல் குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்காமலேயே ஏற்றலாம் அல்லவா? கடைத்தொகுதிக்குள் நுழைந்ததும் டயப்பர் நிறைந்துவிட்டது. ஆண்கள் கழிவறையில் அதை மாற்ற மேசை இல்லை, பெண்கள் பக்கம்தான் இருக்கிறதாம். துப்புரவு செய்யும் அம்மா, “உள்ளே போங்க அங்கிள், நான் வாசலில் நிற்கிறேன்” என்றார். எனக்குக் கூச்சம். கடைசியில் படிக்கட்டு ஓரம் துண்டை விரித்து, முட்டி வலிக்க உட்கார்ந்து மாற்றினேன். அவள் பாதியில் எழுந்து ஓடினாள். வருவோர் போவோர் எல்லாம் சிரித்தார்கள்.

ஆண்கள் பக்கமும் சுவரில் ஒரு மடக்கு மேசை பொருத்தக் கூடாதா? வரும் சனிக்கிழமையும் அவள் என்னிடம்தான்.

ஒரு தாத்தா,
ஈசூன்