படிக்கட்டில் ஏறிவிடுவேன், சேர்

வன்னிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், இங்கே வேலைக்கு ஆள் எடுக்க நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். 2009 ஏப்ரலில் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது எனக்குப் பதினொரு வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊன்றுகோல்களோடு ஊர் திரும்பி, தறப்பாள் கூரை போட்ட வகுப்பறையில் மறுபடி படிக்கத் தொடங்கினேன். அழவைப்பதற்காக இதை எழுதவில்லை. வன்னியில் இது புதினமும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று செயற்கைக்கால்கள் நடமாடுகின்றன.

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு கேட்டபோது, பௌதிகவியல் ஆய்வுகூடம் மேல்மாடியில் இருக்கிறது, பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று சொல்லிக் கலைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். சொன்னவர் நல்லவர். ஒரு தவணை முழுவதும் என் புத்தகப்பையைத் தானே தூக்கி வந்தவர். அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. கோபிக்கிறவரோடு சண்டை பிடிக்கலாம்; பாவம் பார்க்கிறவரோடு என்ன செய்வது?

படிக்கட்டில் நான் ஏறிவிடுவேன், சேர். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில், அவ்வளவுதான் வித்தை. குளக்கட்டில் ஏறி இறங்கி மாடு சாய்த்து வந்தவளுக்கு ஒரு மாடிப்படி பெரிய காரியமா? எனக்கு முடியாமல் இருந்தது வேறொன்று. பாடசாலை மலசலகூடம். குந்தியிருக்க வேண்டும், பிடித்து எழும்பக் கம்பி கிடையாது, தரையில் எந்நேரமும் தண்ணீர். வழுக்கினால் மற்றக் காலும் போய்விடும் என்று பயம். ஆகவே காலையில் வீட்டில் தேநீரைத் தொட மாட்டேன். ஏழரை மணி தொடக்கம் ஒன்றரை மணி வரை ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. பங்குனி வெயிலில் செயற்கைக்காலின் உறைக்குள் வியர்த்து ஊறிப் புண்ணாகும். தலை சுற்றும், கரும்பலகை மங்கும். கால் இல்லாத பிள்ளைதானே, களைத்துப் போகிறது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். அத்தனை வருடத்தில் ஒருவராவது என்னைக் கூப்பிட்டு, உனக்கு இங்கே எது கஷ்டம் என்று கேட்டதில்லை. சுவரில் ஓரடி இரும்புக் குழாய் பதிக்க எத்தனை கரண்டி சீமெந்து போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஊனத்தைக் காரணம் காட்டி வேலையிலோ கல்விக்கூட அனுமதியிலோ பாரபட்சம் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நான் பிறக்கவே இல்லை அப்போது. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 வெற்றிடங்களை ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இல் வந்தது. அம்மா பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலம். பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி விதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. கோப்புகளில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நேர்முகத் தேர்வுக்காரர்களிடம் ஒரு சொல். கணக்கு எழுதும் வேலை ஒன்றுக்காகக் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நான்கு கேள்விகள் கேட்டார்கள். எப்படி வந்து போவீர்கள்? யார் கூட்டி வருவார்கள்? மாதக் கொடுப்பனவு கிடைக்கிறதா? வீட்டில் கலியாணம் பேசுகிறார்களா? ஐந்தொகை பற்றி ஒரு கேள்வி இல்லை. பரந்தன் வீதியில் பஸ் பிடித்து அன்று அங்கே நான் தனியாகத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன்; முதல் கேள்விக்கு அதுவே பதில்.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. கணினிப் பயிற்சி நெறி ஒன்றுக்கு நிரப்பிய விண்ணப்பத்தை மாதக்கணக்கில் அலுமாரிக்குள் வைத்திருந்தவள் நான். மாடியாக இருக்கும், பஸ் நிற்காது, எல்லோரும் காலைப் பார்ப்பார்கள். இவற்றை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய காது தானாகவே சொல்லத் தொடங்கியிருந்தது. முடிவுத் திகதி போன பிறகு தங்கை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. அடுத்த அணியில் சேர்ந்து படித்து முடித்தேன். இன்று அதில்தான் என் சோறு.

வரும் தவணையில் ஒன்று செய்யுங்கள். உங்கள் பாடசாலையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோரையும் ஆசிரியரையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளையையே கேளுங்கள். மலசலகூடத்தையும் பஸ்ஸையும் பற்றி முதலில் கேளுங்கள். பிறகு எந்தப் பாடம் விருப்பம் என்று கேளுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் தேவைப்பட்டால் விண்ணப்பத்தைக் காலத்தோடு அனுப்புங்கள். கடைசி நாளில் தேடி ஓடாதீர்கள்.

போன மாதம் பழைய பாடசாலைக்குப் போயிருந்தேன். மலசலகூடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கம்பி இல்லை. இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு எட்டாம் தரச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நல்ல வெயில். என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வேண்டாம் அக்கா என்றாள்.

இப்படிக்கு,
பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்திலிருந்து
ஒரு பழைய மாணவி