முதலில் பூட்ஸைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்கால மலை நடை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 'புதிதாகப் போகிறவர்கள் காலில் மாட்டும் கருவிகளையெல்லாம் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம், பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம்' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்ரோஸ்பைக், கிராம்பான் (பூட்ஸின் அடியில் கட்டும் நீண்ட முட்கள் கொண்ட உலோகச் சட்டம்), ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகன்ற தட்டு) மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் சிக்கல். முதலாவதை வாங்கிவிட வேண்டும். இரண்டாவதை வாடகையில் தொடங்குவது நல்லது. மூன்றாவதைப் பலர் கடைசிவரை வாடகைக்கே எடுத்துக் காலத்தை ஓட்டலாம்.

மைக்ரோஸ்பைக் என்பது பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வார். அடியில் எஃகுச் சங்கிலி. சங்கிலியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்கள். ஜோடி அரைக் கிலோகூட வராது. இதை வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால், நாளை பாதையில் ஐஸ் இருக்கும் என்று இன்று மாலையே தெரிந்திருக்க வேண்டும். மலைப்பாதை அப்படிச் சொல்லிவைத்து உறைவதில்லை. பலர் மிதித்து இறுகிய பனி நண்பகலில் மேலாக உருகி, இரவில் கண்ணாடி போல உறைந்துவிடும். மற்ற இடமெல்லாம் வெறும் மண்ணாக இருக்கும்போதே, வெயில் படாத வளைவிலோ, ஓடைநீர் பாதையின் குறுக்கே கசியும் இடத்திலோ பத்தடி நீளத்துக்கு ஐஸ் கிடக்கும். ஆள் விழுவது அந்தப் பத்தடியில்தான். பருவத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் இது அதிகம். அந்த நாட்களில் வாடகைக் கடைப் பக்கம் போக யாருக்கும் தோன்றாது. தேவைப்படாது என்று நினைக்கிற நாளிலும் பையில் கிடக்க வேண்டிய பொருள் இது.

வாங்கும்போது கால் அளவைச் சொல்லாதீர்கள். பூட்ஸையே கையில் எடுத்துப் போங்கள். குளிர்கால பூட்ஸ் வெளிப்புறம் பருமனாக இருப்பதால் ஒரே கால் அளவுக்கு வேறு அளவு மைக்ரோஸ்பைக் தேவைப்படலாம். சிறிதாக இருந்தால் முன்பக்க ரப்பர் விரல்களை அழுத்தும். அழுத்திய விரலில் ரத்த ஓட்டம் குறைந்து குளிர் ஏறும். பெரிதாக இருந்தால் சரிவில் குறுக்காக நடக்கும்போது சங்கிலி ஒருபக்கமாக நழுவி, முட்கள் பூட்ஸின் பக்கவாட்டுக்கு வந்துவிடும். அடியில் ஒன்றும் இருக்காது. முள்ளுக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் வைத்த நகரத்து மாடல் தெரு நடைபாதைக்குச் சரி, மலைக்கு வேண்டாம்.

இதில் முதலில் சாவது ரப்பர்தான். சங்கிலி மாட்டும் துளைகளைச் சுற்றி விரலால் இழுத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அடுத்த நடைக்குள் மாற்றிவிட வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே பழைய மைக்ரோஸ்பைக்கை யாரிடமும் வாங்கக் கூடாது. வளையம் ஒன்று வழியில் அறுந்தால் கேபிள் டை எனும் பிளாஸ்டிக் கட்டுவார் இரண்டு போட்டு இறுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நான்கைந்து கேபிள் டைகளைப் பையிலேயே போட்டுவையுங்கள், எடையே இல்லை.

எதுவரை இது போதும்? இறுகிய பனியும் ஐஸும் உள்ள, ஓரளவு சாய்ந்த நடைபாதை வரை. சரிவு 25 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால், அதுவும் கீழே பாறையோ பள்ளமோ இருந்தால், அது கிராம்பானுக்கான இடம். ஒரு சென்டிமீட்டர் முள்ளால் அங்கே உடல் எடையைத் தாங்க முடியாது. கிராம்பானோடு ஐஸ் ஆக்ஸ் எனும் பனிக்கோடரியும், விழுந்தால் அதைக் குத்தி உடம்பை நிறுத்தும் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். ஐஸ் ஆக்ஸ் இல்லாமல் கிராம்பானை மட்டும் வாடகைக்கு எடுத்துப் போவதைப் பார்க்கும்போது, கிராம்பானையும் எடுக்காமலே இருந்திருந்தால் சரிவின் அடியிலேயே திரும்பியிருப்பார்களே என்றுதான் தோன்றுகிறது.

கிராம்பானை வாடகையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் விலையைவிட பூட்ஸ்தான். பூட்ஸின் விறைப்பை பி0 முதல் பி3 வரையும், கிராம்பானை சி1 முதல் சி3 வரையும் தரம் பிரிப்பது வழக்கம். சாதாரண கோடைக்கால நடை பூட்ஸ் பி0. அதில் கிராம்பானே மாட்டக் கூடாது. பி1க்கு முன்னும் பின்னும் வாரால் கட்டும் சி1. குதிகால் பக்கம் விளிம்புப் பள்ளம் உள்ள பி2க்கு சி1, அல்லது பின்னால் நெம்புகோல் வைத்த சி2. முன்னும் பின்னும் பள்ளம் உள்ள, வளையவே வளையாத பி3க்கு மூன்றும் பொருந்தும். விறைப்பு குறைந்த பூட்ஸ் ஒவ்வொரு அடியிலும் வளையும், எஃகு அந்த அளவுக்கு வளையாது. விளைவு இரண்டில் ஒன்று: குதிகால் நெம்புகோல் படக்கென்று கழன்றுகொள்ளும், இல்லையென்றால் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நடுக்கம்பி வளைந்து வளைந்து களைத்து, ஒருநாள் ஒடியும். கடையில் சும்மா மாட்டிப் பார்க்கும்போது இரண்டுமே தெரியாது.

எனவே பொருத்தமான பூட்ஸ் இல்லாதவர் பூட்ஸையும் கிராம்பானையும் ஒரே இடத்தில் சேர்த்தே வாடகைக்கு எடுக்க வேண்டும். பூட்ஸை ஒரு கடையிலும் கிராம்பானை இன்னொரு கடையிலும் எடுப்பதுதான் பெரும்பாலான தொந்தரவுகளுக்குத் தொடக்கம்.

கடை மேசையிலேயே பத்து நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள். மலையில் போடப்போகும் அதே காலுறையோடு பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். குதிகால் மேலெழும்பக் கூடாது. பிறகு கழற்றி, கிராம்பானை அதன் நீளத்துக்குச் சரிசெய்து, வாரைக் கட்டாமல் பூட்ஸை மட்டும் பிடித்துத் தூக்கிக் குலுக்குங்கள். கிராம்பான் கீழே விழாமல் கவ்விக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் நீளம் சரியில்லை, அல்லது அந்த பூட்ஸுக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை. வாரை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு கிராம்பான்களையும் முதுகோடு முதுகாக வைத்துப் பாருங்கள். முன்பு எடுத்தவர் ஒன்றின் நீளத்தை மட்டும் மாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தால், இடது ஒரு துளையிலும் வலது இன்னொரு துளையிலும் இருக்கும். பக்கிள் இரண்டும் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் இடம் வலம் மாறிவிட்டது என்று அர்த்தம், எதிர்க்கால் முள் அதில் மாட்டித் தடுக்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டே கட்டவும் அவிழ்க்கவும் முடிகிறதா என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அடிப்பக்கம். முட்களின் நுனி வட்டமாக மழுங்கியிருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். முள் கீழ்நோக்கி மடியும் இடத்தில் கோடுபோல் துரு ஓடினால் அது வெடிப்பாக இருக்கலாம், தொடாதீர்கள். அடியில் பனி ஒட்டாமலிருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்த் தகடு முழுதாக இருக்கிறதா பாருங்கள். ஈரப்பனியில் இந்தத் தகடு இல்லாவிட்டால் பத்து அடி நடப்பதற்குள் முட்களுக்கிடையே பனி உருண்டை பிடித்து, முள் தரையையே தொடாது. வாடகைக் கடைகளில் உடைந்த தகட்டை மாற்றாமலே விடுவது சகஜம். உலோகத்தில் ஈஎன் 893 என்ற ஐரோப்பியத் தர அடையாளம் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் வழக்கமாக நீட்டப்படுவது 12 முள் கிராம்பான். நடைக்கு 10 முள் போதும். ஆங்கிலேய மலையேறி ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் 1908இல் வடிவமைத்ததும் 10 முள்தான். முன்னோக்கி நீளும் இரண்டு முட்களை இத்தாலியக் கருவித் தயாரிப்பாளர் லோரான் கிரிவெல் 1929இல் சேர்த்தார்; செங்குத்து ஐஸில் காலை நேராகக் குத்தி ஏற அவை உதவின. சரிவில் நடப்பவருக்கோ அவை பெரும்பாலும் மறுகாலின் காற்சட்டையைக் கிழிக்கத்தான் பயன்படும். அகன்ற காற்சட்டையும் தொங்கும் வார் நுனியும் கூடவே கூடாது. கால்களைச் சற்று அகட்டி, முட்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் படும்படி பாதத்தைத் தட்டையாக வைத்து நடக்கப் பழக வேண்டும். கிராம்பான் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சறுக்கி இறங்கவே கூடாது. முள் எங்காவது குத்தி நின்றால் உடம்பு நிற்காது, கணுக்கால் முறியும்.

எப்போது வாங்குவது? வாங்கும் விலையை ஒருநாள் வாடகையால் வகுத்தால் எத்தனை நாளில் ஈடாகும் என்று கிடைக்கும். அது 8 என்று வைத்துக்கொள்வோம். எடுக்கப் போகும் நாளுக்கும் திருப்பித் தரும் நாளுக்கும் கடை வாடகை போடுமானால், இரண்டு நாள் நடை நான்கு நாளாகிவிடும். இரண்டே பயணத்தில் கணக்கு முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது பூட்ஸை. பி1 பூட்ஸ் இல்லாமல் கிராம்பானை மட்டும் சொந்தமாக்கினால், ஒவ்வொரு முறையும் வாடகை பூட்ஸுக்கு அதை மறுபடி பொருத்திக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பூட்ஸ், அடுத்த பருவத்தில் கிராம்பான் என்ற வரிசை சரியாக இருக்கும். கிராம்பான் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். எஃகு, ரப்பர் போலக் காலத்தால் சாகாது. வார் இற்றிருந்தால் புதியது போட்டுக்கொள்ளலாம். அலுமினிய மாடல் இலேசாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், பாறை கலந்த பாதையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சொந்தமாகிவிட்டால் தீட்டும் வேலையும் சொந்தம். கை அரத்தால் மட்டும், முள்ளின் விளிம்பு ஓரமாக, மெல்லத் தீட்ட வேண்டும். சாணைச் சக்கரத்தில் வைத்தால் சூடேறி எஃகின் பதம் போய்விடும். பளபளவென்றுதான் இருக்கும், மலையில் வளையும். வீடு வந்ததும் ஈரத்தோடு பையில் கிடக்க விடாமல் துடைத்துக் காயவையுங்கள்.

ஸ்னோஷூ பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதிய பனியில் கால் முழங்கால்வரை புதையும் நாளுக்கானது அது. வழுக்கலைத் தடுப்பது அதன் இரண்டாவது வேலைதான். எந்த அளவு வேண்டும் என்பது உங்கள் எடையையும் முதுகுப்பையின் எடையையும் கூட்டியும், பனி எவ்வளவு பொலபொலப்பு என்பதைப் பொறுத்தும் மாறும். ஒருநாள் பைக்கு எடுத்த அளவு, கூடாரம் சுமக்கும் நாளில் அமிழும். பனி விழுந்த பிறகு முடிவெடுத்தால் போதும் என்பதால் வாடகை இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. கடையில் எடையைக் கேட்டால் பையோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்றத்தில் குதிகாலைத் தாங்கும் கம்பி உள்ள மாடலா என்றும் பாருங்கள். செங்கல் போல் உறைந்த சரிவைக் குறுக்கே கடக்கும் இடம் வந்தால் அதைக் கழற்றிப் பையில் மாட்டிக்கொண்டு, சரிவுக்கு ஏற்றபடி மைக்ரோஸ்பைக்கோ கிராம்பானோ போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்