முதலில் பின் சீட்டில் உட்கார்ந்து பார், செல்வி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் இத்தனை தாமதம். குட்டிப்பயலின் படத்தைப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் அப்படியே நீ. நான்கு மாதக் கைக்குழந்தை, ஆறு வயது மூத்தவள், முழங்கால் வலியோடு அத்தை, நீங்கள் இருவர். அந்தச் சின்ன கார் இனி போதாது என்று நீ எழுதியது முழுக்க உண்மை.

கையில் இருக்கும் தொகைக்குப் புதிதாக ஒரு சின்ன செடான், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் தாழ்வான கார், எடுப்பதா, இல்லை கேம்ரி, அக்கார்ட், சொனாட்டா மாதிரி ஒரு நடுத்தர செடானை மூன்று நான்கு வருடம் ஓடிய நிலையில் வாங்குவதா என்று கேட்டிருந்தாய். நான் இரண்டாவது பக்கம்தான். ஆனால் வண்டியின் பெயரைப் பார்த்து வாங்காதே, அந்த ஒரு வண்டி வளர்ந்த விதத்தைப் பார்த்து வாங்கு. ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் இருந்து வந்த இரண்டு கார்கள் நான்கு வருடத்தில் இரண்டு வேறு வண்டிகளாகிவிடுகின்றன. ஒன்றுக்கு வேளாவேளைக்கு ஆயில் மாறியிருக்கும், இன்னொன்று கேட்பாரற்று ஓடியிருக்கும்.

அதற்கு முன்னால் பின் சீட். வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் நேராக டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போ. உன் பையனுக்கு இன்னும் நீண்ட நாள் பின்பக்கம் பார்த்த சீட்தான். அந்த சீட் முன்னும் பின்னுமாக அடைக்கிற இடம் நாம் நினைப்பதைவிட அதிகம். அதை மாட்டிவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் சீட்டில் உங்கள் வீட்டுக்காரரை உட்காரச் சொல். அவர் உயரத்துக்கு முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா என்று பார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் சின்ன வண்டியான கொரோலா செடானில் 2,700 மில்லிமீட்டர், கேம்ரியில் 2,825. காகிதத்தில் பார்த்தால் வெறும் பன்னிரண்டரை சென்டிமீட்டர். குழந்தை சீட்டை மாட்டிய பிறகு அவர் கால் நீட்டி உட்காருவதா, மடக்கி உட்காருவதா என்பதை அந்தப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் தீர்மானித்துவிடும். நான் பெரிய வண்டி பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பிறகு நடு சீட். ஒரு பக்கம் குழந்தை, மறு பக்கம் அத்தை என்றால் மூத்தவள் நடுவில்தான். உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையை வைத்த பிறகு பெல்ட் கொக்கி அவள் கைக்கு எட்டுகிறதா, இல்லை பூஸ்டருக்கு அடியில் புதைந்துவிடுகிறதா என்று பார். தரையில் நடுவே மேடு இருந்தால் அவள் காலை எங்கே வைப்பாள் என்று பார். இதையெல்லாம் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அத்தையைக் கட்டாயம் கூட்டிப் போ. செடானின் உண்மையான குறை அவர்களுக்குத்தான் தெரியும். உட்காரும்போது இறங்கி உட்கார வேண்டும், எழும்போது முழங்காலை ஊன்றி எழ வேண்டும். புது மாடல்களில் அழகுக்காகக் கூரையைப் பின்பக்கம் சரித்துவிடுகிறார்கள், பின் கதவில் தலை இடிக்கும். அத்தை மூன்று முறை ஏறி இறங்கட்டும். மூன்றாவது முறை முகம் சுருங்கினால், நான் மேலே எழுதியதையும் கீழே எழுதப் போவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு உயரமான வண்டி பார். தினமும் அவர்களை மருத்துவரிடமோ கோயிலுக்கோ அழைத்துப் போகப் போகிறவள் நீதான்.

அவர்களுக்கு ஒத்துவந்தால் செடானை விடாதே. தாழ்வாக இருப்பதால் வளைவில் சாய்வது குறைவு, காற்றைக் கிழித்துப் போவது சுலபம், அதனால் எரிபொருளும் மிச்சம். புதிதாக வாங்க நினைத்தால் இப்போது தேர்வுதான் சுருங்கிவிட்டது. வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப் போவதாக ஃபோர்டு 2018-லேயே அறிவித்துவிட்டது. நல்ல நடுத்தர செடான்கள் பல இனி ஓடிய வண்டிகளாகத்தான் கிடைக்கும்.

காசுக் கணக்கு உனக்குத் தெரியாததில்லை. புது வண்டி முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழக்கும், ஐந்து ஆண்டில் சுமார் பாதி போய்விடும். மாடலுக்கு மாடல் இது நிறையவே மாறும். அந்தச் செங்குத்தான சரிவை வேறொருவர் தாண்டிய பிறகு நீ ஏறிக்கொள்கிறாய்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் "இந்த விலைக்கு எதற்கு விற்பது" என்று ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் சொத்தை வண்டிகளே மிஞ்சும். ஆகவே நீ தேட வேண்டியது தன் வண்டி நல்லது என்று காட்ட முடிந்த சொந்தக்காரரை. ஒரே கை, முழு சர்வீஸ் புத்தகம், தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில்கள். மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்றால் "வாங்க" என்று சொல்கிற ஆள். தயங்கினால் நீ அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடு.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நான் முதன்முதலில் வாங்கிய கார் உனக்கு நினைவிருக்கும், அந்த வெள்ளி நிறக் கார். பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனைத் திரவம் கமகமவென்று இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு மழை நாளில் உள்ளே சேற்று வாடை கிளம்பியது. அடுத்து கண்ணாடி இறங்கவில்லை, விளக்கு தானாக எரிந்தது. மெக்கானிக் வேறு எதையும் தொடவில்லை. பின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள்ளே இருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அதை நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

அதனால் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார். சீட்டுக்கு அடியில், சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டின் போல்ட்டில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பார். பானெட்டைத் தாங்கும் கீல்களின் போல்ட்டில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால், அது ஏன் கழற்றப்பட்டது என்று கேள். கதவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பெயின்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவி மெக்கானிக்கிடம் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல். ஆலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். பட்டி போட்டு டிங்கரிங் செய்த இடத்தில் எண் பல மடங்கு தாவும். சின்னக் கீறலுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் பாதகமில்லை. கூரையைத் தாங்கும் தூணிலோ கூரையிலோ பட்டி இருந்தால் வேண்டாம்.

மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் தோல் பளபளத்தால் அந்த மீட்டரை நம்பாதே. பில்களில் உள்ள கிலோமீட்டர் படிப்படியாக ஏறுகிறதா என்று பார். டயரின் ஓரத்தில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண் செய்த வாரமும் ஆண்டும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு வருட வண்டியில் நான்கு டயரும் நான்கு விதமாக இருந்தால், அவர் எதிலும் சிக்கனம் பார்த்தவர் என்று எடுத்துக்கொள்.

நீ போகும் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வை, குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினால் எதையும் மறைக்க முடியாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே போகிறது. இன்னொன்று, எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. வண்டியின் கணினியில் உள்ள பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும்போது பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்றால் அதோடு திருப்தி அடையாதே. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல். பாதி 'தயாராக இல்லை' என்று காட்டினால், நேற்றோ இன்று காலையோ யாரோ குறியீடுகளை அழித்திருக்க வாய்ப்புண்டு.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். மோதல் சோதனையில் வாங்கிய பாதுகாப்பு நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதே, அது எந்த ஆண்டு வாங்கிய நட்சத்திரம் என்று பார். சோதனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாகிறது, அதனால் ஐரோப்பாவில் கார்களை மோதிச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு தன் மதிப்பீட்டை ஆறு ஆண்டுக்கு மேல் செல்லுபடியாக வைப்பதில்லை. அமெரிக்காவில் 2012-இல் வண்டியின் முன்பக்கத்தில் கால் பாகம் மட்டும் தடுப்பில் மோதும் புதிய சோதனையைக் கொண்டுவந்தார்கள், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். அது வரை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்த கேம்ரி அதில் மிக மோசம் என்று மதிப்பிடப்பட்டது. அதே சுற்றில் அக்கார்ட் நன்று என்று தேறியது. பிறகு கேம்ரியைச் செய்யும் டொயோட்டா வண்டியைத் திருத்தியது. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் இரும்பு வேறு. புதுத் தலைமுறை வண்டி வந்த முதல் ஆண்டை நான் தவிர்ப்பதும் இதனால்தான். இரண்டு மூன்று ஆண்டு ஓடி, குறைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்ட பிறகு வந்த வண்டி உனக்குப் போதும்.

திருத்தம் என்றதும் ஒன்றை மறக்காதே. வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கியிருக்கிறதா என்று பார். டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின், அதாவது மோதும்போது விரியும் ஏர்பேக்குகளின், விவகாரம் ஞாபகம் இருக்கும். அதில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன, பலர் வேலையை முடிக்காமலே விற்றுவிட்டார்கள். நீ பத்து வருட வண்டி பக்கம் போனால் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் பற்றி நீ பயப்படுகிறாய். டொயோட்டாவின் ஹைப்ரிட்டில் வழக்கமான பெல்ட் வைத்த சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் தானியங்கி கியர்பாக்ஸ், கிடையாது. கோள்கள் போலச் சுழலும் பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டாரும்தான், தேய்வதற்குப் பொருள் குறைவு. வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். பேட்டரியை மட்டும் சோதிக்கச் சொல். அதற்குக் காற்று இழுக்கும் துவாரம் பல வண்டிகளில் பின் சீட் பக்கம்தான் இருக்கிறது, அங்கே தூசி அடைத்திருக்கிறதா என்று பார். பிறகு உங்கள் டயப்பர் பை அதை அடைக்காமலும் பார்த்துக்கொள். சாதாரண சிவிடி வண்டி என்றால் அதன் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு கேள், "அது வாழ்நாள் ஆயில்" என்ற பதிலை ஏற்காதே.

புதிதே வாங்கலாம் என்கிற உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு விஷயத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு பதினைந்து வருடம் அதே வண்டியை வைத்திருப்போம், வண்டி தேடி அலைய நேரமும் இல்லை என்றால் புதிது வாங்குவது தவறில்லை. அவ்வளவு காலம் வைத்திருந்தால் முதல் ஆண்டின் இழப்பு கரைந்துவிடும். எதை வாங்கினாலும் முழுத் தொகையையும் வண்டியிலேயே கொட்டிவிடாதே. ஓடிய வண்டி என்றால் பத்தில் ஒரு பங்காவது டயருக்கும் பேட்டரிக்கும் பிரேக்குக்கும் தனியே எடுத்து வை. வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லா ஆயிலையும் மாற்று.

என் இப்போதைய கார் ஒன்பதாவது வருடத்தில் என்னோடு இருக்கிறது. நான்கு வருடம் ஓடிய நிலையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் வாங்கியது. ஒவ்வொரு பில்லையும் தேதி வாரியாகத் தைத்து ஒரு கோப்பில் வைத்திருந்தார்கள். நானும் அந்தக் கோப்பிலேயே தொடர்ந்து தைத்துக்கொண்டு வருகிறேன்.

பார்க்கப் போகும் நாளில் அடையாள எண், டயர் எண், பெல்ட்டின் உள்பகுதி, சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கமும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. எந்த நேரமானாலும் பார்த்துப் பதில் சொல்கிறேன், அது வரை முன்பணம் கொடுத்துவிடாதே. அத்தை மூன்று முறை ஏறி இறங்கியதும் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
வசந்தி